முப்பதாவது நோன்பாளி

நோன்புக் கஞ்சி எனக்கு மிகவும் பிடிக்கும். திருகோணமலையிலும் மூதூரிலும் இருபத்திரண்டு வருடம் மனநோய் வைத்தியம் பார்த்தவனுக்கு அந்த மாதத்தில் கஞ்சிக்குப் பஞ்சம் வராது. வாளியில், போத்தலில், ஐஸ்கிறீம் டப்பாவில் என்று வீடு தேடி வந்துவிடும். நான் மச்சம் சாப்பிடாதவன் என்று தெரிந்தவர்கள் இறைச்சி போடாமல் தனியாகக் காய்ச்சித் தருவார்கள். அவ்வளவு நல்ல மனிதர்களிடையேதான் நான் வேலை செய்தேன் என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் விசாரணைக் குழுவினரான நீங்கள் மூவரும் என்னை அழைத்தீர்கள். நௌபர் என்ற என் நோயாளிக்கு நடந்ததற்கு யார் பொறுப்பு என்பது உங்கள் கேள்வி. தாதி கௌசிகாவின் பதிவுப் புத்தகத்தில் ஒரு வரியைக் காட்டி, “டொக்டர் பாக்கியரத்தினம், இது உண்மைதானா?” என்று கேட்டீர்கள். உண்மை என்றேன். அது உண்மையில்லை. அன்று ஏன் அப்படிச் சொன்னேன், இன்று ஏன் மாற்றிச் சொல்கிறேன் என்பதை ஒழுங்காக எழுதித் தருகிறேன்.

என் சுபாவத்தைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். நான் ஒரு சந்தேகப் பிராணி. நோயாளி “மருந்து ஒழுங்கா எடுக்கிறன்” என்றால் மாத்திரைப் பையை வாங்கி எண்ணிப் பார்ப்பேன். தாய் “மகன் நல்லா நித்திரை கொள்ளுறான்” என்றால் மகனின் கண்ணைப் பார்ப்பேன். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். எனக்குத் தீர விசாரிப்பது என்றால் இரத்தப் பரிசோதனை. வாய்க்குப் பொய் சொல்லிப் பழக்கம் உண்டு. இரத்தத்துக்கு அந்தப் பழக்கம் இல்லை.

சந்தேகத்தோடு கோபமும் உண்டு. கடல் ஊருக்குள் வந்த பிறகும், யுத்தம் முடிந்த பிறகும் வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். துறைமுகம் தெரிகிற அறைகளில் தங்கினார்கள். நோயாளிகள் என்னுடையவர்கள், கிளினிக் என்னுடையது, மொழிபெயர்ப்பும் நான்தான். கட்டுரை அச்சில் வந்தபோது என் பெயர் ஆறாவதாக இருந்தது. இன்னொன்றில் நன்றி சொல்லும் வரியில் இருந்தது, அதிலும் எழுத்துப் பிழை. எனக்கு நெஞ்சு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது. முதல் பெயராக என் பெயர் வரும் ஓர் ஆய்வையாவது முடித்துவிட்டுத்தான் ஓய்வு பெறுவது என்று அன்றே தீர்மானித்தேன்.

விஷயம் கைக்கெட்டிய தூரத்திலேயே கிடந்தது. மனம் சில காலம் தலைகால் தெரியாமல் பறந்து, சில காலம் எழும்ப முடியாமல் கிடக்கிற நோய் ஒன்று உண்டு. அதற்கு லித்தியம் கொடுக்கிறோம். நல்ல மருந்து, ஆனால் கண்டிப்பான மருந்து. இரத்தத்தில் அதன் அளவு ஒன்றைத் தாண்டாமல் இருக்க வேண்டும். ஒன்றரைக்கு மேலே போனால் நஞ்சு. உடம்பில் தண்ணீர் குறைந்தால் அளவு தானாக ஏறும். அதனால் லித்தியம் எடுப்பவர்கள் நோன்பு பிடிக்க வேண்டாம் என்று பொதுவாகச் சொல்லிவிடுவோம். அவர்களும் தலையாட்டுவார்கள். பிறகு நோன்புக்காக எங்களுக்குத் தெரியாமல் மருந்தை விடுவார்கள். பெருநாள் முடிந்த கையோடு வார்டு நிரம்பும். மருந்தையும் விடாமல், நோன்பையும் விடாமல் ஒருவர் பத்திரமாக இருக்கலாம் என்று எண்களோடு காட்டினால் எத்தனை குடும்பங்களுக்கு நிம்மதி. இந்த எண்ணத்தில் நீங்கள் குற்றம் காண முடியாது.

முப்பது பேர் வேண்டும். மருந்தோடு முப்பது நோன்பையும் முடித்த முப்பது பேர். ஒருவர் குறைந்தாலும் எந்தச் சஞ்சிகையும் திரும்பிப் பார்க்காது என்று புள்ளிவிபரம் பார்த்துத் தந்தவர் சொல்லியிருந்தார். அனுமதிக்கான விண்ணப்பத்தில் ஒரு விதியும் எழுதினேன். எவருடைய அளவாவது ஒன்றரையைத் தாண்டினால் அன்றே அவருக்குச் சொல்லி, மருந்தையும் நோன்பையும் நிறுத்துவது. அதை எழுதச் சொல்லி எவரும் என்னைக் கேட்கவில்லை. கெட்ட எண்ணம் உள்ளவன் அப்படி எழுதுவானா என்று யோசித்துப் பாருங்கள்.

முதல் வருடம் வெள்ளோட்டமாக ஆறு பேரை எடுத்தேன். ஐவர் முடித்தார்கள். தோப்பூர்ச் சந்தைக்குப் பக்கத்தில் இருந்த ஜெஸீமா என்ற பெண் இருபத்திரண்டாம் நோன்புக்குப் பிறகு வரவில்லை. ஆய்வு மொழியில் அப்படிப்பட்டவர்களைத் ‘தொடர்பு விட்டுப்போனவர்’ என்று எழுதுவோம். விலாசம் என்னிடம் இருந்தது. நான் போகவில்லை. போனால் கண்டதை எழுத வேண்டும். வயிற்றோட்டத்தில் மௌத்தாகி, அடக்கமும் முடிந்துவிட்டதாகப் பிறகு யாரோ சொன்னார்கள். வயிற்றோட்டம் யாருக்கும் வரலாம். லித்தியம் ஏறினாலும் வரும்தான். ஆனால் அவளிடம் கடைசியில் இரத்தம் எடுக்கவில்லையே, நான் எதை நம்புவது?

அடுத்த வருடம் நோன்பு சித்திரை வெயிலில் வந்தது. முப்பத்துமூன்று பேரைச் சேர்த்தேன். முதல் வாரத்திலேயே இருவர் ஒதுங்கிவிட்டார்கள். இன்னொருவர் மகளோடு கொழும்புக்குப் போய்விட்டார். மிஞ்சியது சரியாக முப்பது. பட்டியலில் முப்பதாவது பெயர் நௌபர்.

முப்பத்தாறு வயது. மீன்பிடிப் படகுகளின் இயந்திரம் திருத்துகிறவன். இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே பழுது எங்கே என்று சொல்லிவிடுவான் என்று துறைமுகப் பக்கத்தில் பேசிக்கொள்வார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒருநாள் என் வீட்டு ஜெனறேற்றரைக் காட்டினேன். திறக்காமலே சொன்னான், திறந்து பார்த்தால் சொன்ன இடத்தில்தான் பழுது. கடுகளவு ஆணியை அந்த எண்ணெய்க் கைகளால் எடுத்து, ஒரே தடவையில் உள்ளே பொருத்தினான். வைத்தியர்களில்கூட அப்படிப்பட்ட நிதானமான கைகளை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆறு வருடத்துக்கு முன் நோய் உச்சத்தில் இருந்தபோது, பள்ளிவாசல் ஒலிபெருக்கியைப் பிடித்து மூதூருக்கே புதுப் படகு தருவதாக அறிவித்தான். பெயர் பதியச் சிலர் வந்தும் விட்டார்கள். ஊர் சிரித்தது. மூதூரில் கல்யாணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டில்தான் இருப்பான், வீடு பெண்ணுக்குரியது. மாமனார் கலீலுர் றஹ்மான் ஒரு சொல் சொன்னார், நௌபர் உடுப்புப் பையோடு தாய் சித்தி பரீதாவிடம் திரும்பிவிட்டான். மனைவி றுமானாவையும் மகளையும் வெள்ளிக்கிழமைகளில் வாசலில் நின்று பார்த்துவிட்டு வருவான். லித்தியம் தொடங்கி ஐந்து வருடமாக நோய் தலைகாட்டவில்லை. என்றாலும் ஊரின் வாய் மூடவில்லை.

நோயாளிக்கு நோன்பு கடமையில்லை என்று மௌலவி அன்பாகத்தான் சொல்லியிருக்கிறார். நௌபர் அதை, விசர்க்காரர் கூட்டத்தில் தன்னைச் சேர்த்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டான். மாமனார் அதையே நிபந்தனையாக்கினார். மருந்தும் எடுக்க வேண்டும், முப்பது நோன்பும் ஒழுங்காகப் பிடிக்க வேண்டும். பிடித்தால் பெருநாள் அன்று வீட்டுக்கு வரலாம், நிரந்தரமாக. இதையெல்லாம் அவனே கிளினிக்கில் என்னிடம் சொன்னான்.

“டொக்டர், எனக்கு நோன்பு புடிக்க ஏலுமா?”

“மருந்தை விடாமல் பிடிக்கிறதெண்டால் பிடிக்கலாம்.”

“அப்ப நான் சுகமான ஆள்தானே?”

“ஓம்,” என்றேன்.

ஆய்வுக்கான சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டான். வாசிக்கவில்லை. நானும் வாசிக்கச் சொல்லவில்லை.

இரத்தம் எடுப்பது கௌசிகாவின் வேலை. பதினாலாம் நோன்புக் காலையில் எல்லோரிடமும் எடுத்தாள். பதினாறாம் நாள் முடிவுகள் வந்தன. அவள் ஒரு துண்டை மட்டும் தனியாகப் பிடித்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள்.

“சேர், நௌபரின்ட இரண்டு தசம் ஒண்டு. இண்டைக்கே கூப்பிடட்டோ?”

இந்த இடத்தில் ஒன்றை விளக்க வேண்டும். இரத்தம் எடுக்கும் குழாய்களில் சிவப்பு மூடி, பச்சை மூடி என்று உண்டு. பச்சை மூடிக் குழாயில், இரத்தம் உறையாமல் இருக்கப் பூசியிருக்கும் பொருளிலேயே லித்தியம் கலந்திருக்கிறது. தவறி அதில் எடுத்தால் அளவு பொய்யாக ஏறிக் காட்டும். வேலைக்குப் புதியவர்கள் செய்கிற பிழை அது. எனக்கு உடனே அந்த எண்ணம் வந்தது. வந்தது என்பது சரியில்லை. தேடினேன், கிடைத்தது.

“பச்சை மூடியிலயோ எடுத்தனீர்?”

“இல்ல சேர், சிவப்பிலதான் எடுத்தனான். எனக்கு வடிவா ஞாபகம் இருக்கு.”

“ஞாபகத்தை நான் நம்பிறேல்ல.”

அவள் ஒன்பது வருடமாக இரத்தம் எடுக்கிறவள். முகம் கறுத்துவிட்டது. “சரி சேர், திரும்ப எடுப்பம். அதுவரைக்கும் நோன்பை விடச் சொல்லுவம்,” என்றாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அவள் போனதும் பதிவுப் புத்தகத்தில் அவள் எழுதியிருந்ததற்குப் பக்கத்தில், ‘பச்சை மூடி, மாதிரி செல்லாது’ என்று எழுதினேன். அந்த வரியைத்தான் நீங்கள் எனக்குக் காட்டினீர்கள். அவளே ஒப்புக்கொண்டதை நான் குறித்துவைத்ததாக உங்களிடம் சொன்னேன்.

இருந்தாலும் நான் விஞ்ஞானி. சந்தேகத்தை அப்படியே விடுகிற ஆள் இல்லை. பதினெட்டாம் நாள் காலை நௌபரைத் தனியாக வரச் சொன்னேன். சட்டையில் மேல் பொத்தான்கள் இரண்டும் போடாமல் வந்தான். ஏன் என்று நான் கேட்கவில்லை. சிவப்பு மூடிக் குழாயை எடுத்து, மூடியை இரண்டு தரம் பார்த்துவிட்டு, என் கையாலேயே இரத்தம் எடுத்தேன். பட்டணத்தில் வேறொரு பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினேன். இருபதாம் நாள் மத்தியானம் துண்டு என் கைக்கு வந்தது. இரண்டு தசம் ஆறு.

அன்று பின்னேரமே மூதூருக்குப் போனேன். சொல்லத்தான் போனேன். துண்டு என் சட்டைப்பையில் இருந்தது. பாலங்களைத் தாண்டும்போது என்னென்ன வார்த்தையில் சொல்வது என்றுகூட யோசித்துவைத்திருந்தேன்.

சித்தி பரீதாவின் வீட்டில் பாய் விரித்திருந்தது. மாமனாரும் வந்திருந்தார். மருமகன் உண்மையிலேயே நோன்பு பிடிக்கிறானா என்று பார்ப்பதற்குத்தான் அவர் இடைக்கிடை வருவார் என்பது என் ஊகம். சந்தேகக்காரனுக்குச் சந்தேகக்காரனைத் தெரியாதா? பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். பேரீச்சம்பழத்தைக் கடித்துவிட்டு நௌபர் கஞ்சிக் கோப்பையைத் தூக்கினான். கை நடுங்கிய நடுக்கத்தில் பாதிக் கஞ்சி இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் கொட்டியது. தாய் துடைத்துவிட்டாள். பழகிப்போன துடைப்பு.

மாமனார் என் பக்கம் திரும்பினார்.

“டொக்டர், ஒண்டு கேக்கட்டா? இவர்ர கை என்னத்துக்கு இப்பிடி நடுங்குது? கதையும் குழறுது. மருந்த வுட்டுட்டாரோ எண்டு எனக்குச் சந்தேகம்.”

“வுடல்ல மாமா,” என்றான் நௌபர். “உம்மாட்டக் கேளுங்க.”

“அல்லாவுக்காகச் சொல்றன், நான்தான் ஒவ்வொரு நாளும் கையில வெச்சுக் குடுக்கிறன்,” என்றாள் சித்தி பரீதா. “ஒரு குளிசை தவறல்ல.”

நௌபர் என்னைப் பார்த்தான். தன் உடம்புக்கு என்ன என்று கேட்கும் பார்வை இல்லை அது. இன்னும் பத்து நாள், கெடுத்துவிடாதீர்கள் என்று கெஞ்சும் பார்வை. அதை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். என் ஆய்வுக்கும் அதே பத்து நாள்தான் தேவைப்பட்டது. எங்கள் இருவருக்கும் வேண்டியது ஒன்றாக இருக்கும்போது அதில் வஞ்சகம் எங்கே வந்தது?

“நோன்புக் களைப்பு,” என்றேன். “மருந்தை மட்டும் ஒரு நாளும் தவறவிடாதேங்கோ. முப்பதையும் முடிக்கலாம்.”

“அப்ப, சுகமான ஆள்தான்?” என்றார் மாமனார்.

“சுகமான ஆள்தான்.”

நௌபரின் கண் கலங்கியது. தாய் எனக்கு இன்னொரு கோப்பை கஞ்சி வார்த்தாள். நன்றாக இருந்தது, குடித்தேன்.

மறுநாள் கௌசிகா விடவில்லை. “சேர், அந்த ஆளைக் கூப்பிட்டு எடுத்தனீங்களோ?” என்று கேட்டாள். எடுத்தேன், ஒன்றுக்குக் கீழேதான் இருக்கிறது என்றேன். அவளுக்கு மூச்சு வந்தது. “அப்ப என்ர பிழையாத்தான் இருக்கும். மன்னிச்சுக்கொள்ளுங்கோ சேர்,” என்றாள். சிவப்பு மூடியில் எடுத்தது வடிவாக ஞாபகம் இருந்தவள், என் ஒரு வார்த்தைக்காகத் தன் ஞாபகத்தையே விட்டுக்கொடுத்தாள். இப்படி நம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். அவள் துண்டைக் காட்டுங்கள் என்று கேட்டிருக்க வேண்டும். நான் என்றால் கேட்டிருப்பேன்.

பதினாலாம் நாள் இரத்த மாதிரி செல்லாது என்று எழுதியாயிற்று. அட்டவணையில் நௌபரின் கட்டத்தை வெறுமையாக விட்டேன். வெறுங்கட்டம் பொய் சொல்வதில்லை. அவன் முப்பதாவது நோன்பைத் திறந்தால் போதும், ஆய்வு அத்தோடு முடிகிறது. திறந்தான். அந்த வருடம் பிறையும் முப்பது நாள் வைத்துத்தான் தெரிந்தது.

பெருநாள் காலை புதுச் சாரத்தோடு றுமானாவின் வீட்டுப் படியில் ஏறும்போது விழுந்தான். எழும்பினான், தள்ளாடினான், மகளின் பெயரைச் சொல்ல முயன்றான், வார்த்தை வரவில்லை. மாமனார் அவன் வாய்க்குப் பக்கத்தில் மூக்கை வைத்து மோந்து பார்த்தாராம். வாசம் இல்லை. ஆனால் சந்தேகம் வந்தால் வாசம் எதற்கு? பெருநாளும் அதுவுமாகக் குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று முடிவு செய்து, ஒரு முச்சக்கரவண்டியில் ஏற்றித் தாயிடம் அனுப்பிவிட்டார்கள். தாயும் களைப்பு என்று நினைத்தாள். களைப்பு என்று நான்தானே சொல்லியிருந்தேன். அன்று மாலையும் அடுத்த நாளும் குளிசையைக் கரைத்துக் கொடுத்திருக்கிறாள். மூன்றாம் நாள் வலிப்பு வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். இரத்தத்தை இயந்திரத்தில் சுத்திகரித்து உயிரைக் காப்பாற்றினார்கள். அங்கே இருந்த வைத்தியர்தான் லித்தியம் அளவைப் பார்த்துவிட்டு உங்களுக்கு எழுதினார்.

உயிர் இருக்கிறது. மூளையில் நடையையும் கையையும் பேச்சையும் ஒழுங்குபடுத்துகிற பகுதி போய்விட்டது, அது திரும்பாது. கரண்டியைக்கூட இரண்டு கையாலும் பிடிக்கிறான். நான் பார்க்கப் போனபோது என்னைக் கண்டதும் எழும்ப முயன்றான். நெடுநேரம் திணறி ஒரு வசனம் சொன்னான்.

“முப்பதும்... புடிச்சன்... டொக்டர்.”

சித்தி பரீதா என்னை வாசல் வரை வந்து வழியனுப்பினாள். “சம்மந்திக்கு ஒரு துண்டு எழுதித் தாங்க டொக்டர், எண்ட மகன் குடிக்கல்ல எண்டு,” என்று கேட்டாள். குடிக்கவில்லை என்று எழுதினால் பிறகு என்ன என்று எழுத வேண்டியிருக்கும். பார்க்கலாம் என்றேன். இன்னும் எழுதவில்லை. அங்கிருந்து திரும்பும் வழியில் காரை நிறுத்திவிட்டு அழுதேன். அதையும் பதிவு செய்யுங்கள். நான் கல் இல்லை.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். விசாரணை முடியும் வரை என்று கௌசிகாவை வேலையிலிருந்து இடைநிறுத்தி நாலு மாதம் ஆகிறது. அவள் தகப்பன் என் வீட்டுக்கு இரண்டு முறை வந்து, “எங்கட பிள்ளைக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கோ” என்று கேட்டுவிட்டுப் போனார். நான் தேநீர் கொடுத்து அனுப்பினேன். அவளுக்கு முப்பத்திரண்டு வயதுதான், வேறு வேலை கிடைக்கும் என்று இருந்துவிட்டேன்.

போன கிழமை உங்கள் இடைக்கால அறிக்கை வந்தது. அதில் ஏழாவது பந்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஒரு நோயாளிக்குப் பச்சை மூடிக் குழாயில் எடுத்த தாதி இன்னும் எத்தனை பேருக்கு அப்படி எடுத்தாரோ தெரியாது, ஆகவே முப்பது பேரின் முடிவுகளும் நம்பத்தகாதவை, ஆய்வை முற்றாக நிராகரிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அன்று போன நித்திரை இன்னும் வரவில்லை.

ஆகவே இந்த வாக்குமூலம். கௌசிகா ஒரு குழாயைக்கூடப் பச்சை மூடியில் எடுக்கவில்லை. நௌபரின் அளவு ஏறியது பதினாறாம் நாளே எனக்குத் தெரியும். இருபதாம் நாள் ஐயத்துக்கு இடமில்லாமல் தெரியும். தெரிந்துகொண்டே பத்து நாள் மருந்தையும் நோன்பையும் தொடரச் சொன்னேன். அந்தப் பரிசோதனைத் துண்டை இத்துடன் இணைத்திருக்கிறேன். எனக்கு என்ன தண்டனை என்பதை நீங்கள் தீர்மானியுங்கள், நான் மறுத்துப் பேசமாட்டேன்.

ஆய்வில் மட்டும் கை வைக்காதீர்கள். மற்ற இருபத்தொன்பது பேரின் எண்களும் சுத்தமானவை. முப்பதில் ஒருவருக்குத்தான் ஏறியது, மோசமான விகிதம் என்று எவரும் சொல்லமாட்டார்கள். வெறுமையாக விட்ட கட்டத்திலும் இப்போது இரண்டு தசம் ஆறு என்று நிரப்பிவிடலாம். நௌபர் முப்பதையும் முடித்தவன், அந்த அட்டவணையில் அவனுக்கு ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்தையாவது அவனிடமிருந்து பறித்துவிடாதீர்கள்.